நம்ம ஆளுக்கு ஒரு பாட்டு

நானும் அக்காவும் சேர்ந்து இதுவரை பதினோரு கொலை செய்திருக்கிறோம். கொலையை அக்கா பார்த்துக்கொள்வாள். யாரைத் தீர்த்துக்கட்டுவது, எதற்காக, பிணம் எங்கே கிடக்கும், அதை முதலில் பார்த்து யார் அலறுவது எல்லாம் அவள் பொறுப்பு. கொலை நடக்கும் காலம் என் பொறுப்பு. அந்த வருஷத்து டெலிபோனைச் சுழற்றுவார்களா அழுத்துவார்களா, சட்டைக் காலர் என்ன நீளம், பக்கத்து அறையில் என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் நான் தோண்டி எடுத்துக் கொடுப்பேன். அக்கா கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் நூலகத்தில் பழைய பத்திரிகைப் பிரிவில் குப்பை கொட்டியவள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் ஆண்பிள்ளைப் புனைபெயர். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு மீசைக்காரர் இருக்கிறார் என்று நம்பி, பெண் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்கூட உண்டு.

எங்கள் துப்பறிவாளருக்குப் புத்தகத்தில் கௌரவமான பெயர் இருக்கிறது. எங்களுக்குள் அவர் 'நம்ம ஆளு' தான். நம்ம ஆளுக்குப் பாம்புச் செவி. மாடியில் யாராவது செருப்பு மாற்றினால் கீழே இவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டை எல்லோரும்தான் கேட்பார்கள். அதில் உள்ள வில்லங்கம் நம்ம ஆளு காதில் மட்டும் விழும். குற்றவாளி வசமாக மாட்டிக்கொள்வான்.

அந்தப் பாட்டு எதுவும் நிஜப் பாட்டு கிடையாது. நிஜப் பாட்டைத் தொட்டால் உரிமை, வக்கீல் என்று தலைவலி வரும். அதனால் முதல் புத்தகத்திலிருந்தே பாட்டை நானே கட்டிவிடுகிறேன். எடுக்கப்படாத ஒரு படம், பிறக்காத ஒரு கவிஞர், அந்தந்த வருஷத்து வாடை வீசும் நாலு வரி. புத்தகக் கண்காட்சியில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பாட்டை எங்க கல்யாணத்துல ரெக்கார்டு தேயத் தேயப் போட்டாங்கம்மா!" என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் முகத்தை மாற்றாமல், "ஆமா சார், சக்கைப்போடு போட்ட பாட்டாச்சே" என்றேன். பக்கத்தில் நின்ற அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது.

பாட்டைக் கட்டினால் போதாது, பாடியும் ஆக வேண்டும். அது அக்காவின் சட்டம். அவள் எழுதும் அறையில் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருக்கிறது. நான் அதன் முன்னால் உட்கார்ந்து பாட்டை ஒரு வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து வைப்பேன். நாவல் முடியும்வரை அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டு அவள் எழுதுவாள். "பாட்டு ஓடலேன்னா எனக்குக் கொலை ஓடாதுடி" என்பாள். என் குரலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தால் என் வீட்டுக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். கேட்டால், காற்று பலமா வருது என்பார். ஆகமொத்தம் உலகத்திலேயே என் பாட்டுக்கு இருக்கும் ஒரே ரசிகை அக்காதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பன்னிரண்டாவது புத்தகம் கேசட் காலத்தில் நடக்கிறது. வரிசையாக ஒட்டி ஒட்டி வாடகை அறைகள். ஒரு மாலை வீட்டுச் சொந்தக்காரர் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் மூலை அறைப் பாட்டு வாத்தியார்மேல். ஆனால் அந்த மாலை முழுக்க அவர் தன் அறையில் ஒரே பாட்டைச் சாதகம் பண்ணிக்கொண்டிருந்ததை அக்கம்பக்கம் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆள் அறைக்குள் பாடிக்கொண்டிருந்தால் கொலை செய்தது யார்?

வாத்தியார் பாடுவதற்கு நான் கட்டிக் கொடுத்த பல்லவி இது:

பூட்டை எடுத்துப் போனவளே,
சாவி எனக்கு எதற்கு?

இரண்டு சரணம். காதல் தோல்வி, கொஞ்சம் தத்துவம், அந்தக் காலத்துக்கே உரிய ஒரு பெருமூச்சு. அக்கா வீட்டுக்குப் போய், அவளை டீ போட அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். எனக்குக் கண்ணை மூடினால்தான் பாட்டு வரும். யார் முகமும் தெரியாமல் இருந்தால் தைரியம் வந்துவிடுகிறது.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'பாட்டு பிரமாதம். ரெண்டாவது சரணத்துல உருகிட்டேன்.' எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க அக்கா தங்கமான மனுஷி" என்றார்.

செய்தி என்று சொன்னேன் அல்லவா. கொஞ்ச நாளாகவே அக்கா போனில் பேசுவதில்லை. போனைப் பிடித்தால் கழுத்து வலிக்கிறதாம், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு என்றாள். நேரில் போனால் எதிரே உட்கார் என்பாள். நான் அடுப்படிக்குப் போனால் அங்கேயும் பின்னாலேயே வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எதைச் சொன்னாலும் சரி சரி என்பாள். அக்கா என் பேச்சுக்குச் சரி சொல்வதாவது! வயசானால் பாசம் கூடும்போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பதினோரு கொலையைத் துப்பு துலக்கிய மூளை இது.

அத்தியாயங்கள் வர ஆரம்பித்தன. படிக்கப் படிக்க எனக்கு ஏதோ இடித்தது. கதவு திறக்கிறது, கீல் கிறீச்சிடவில்லை. மழை பெய்கிறது, ஜன்னல் கம்பியில் துளி துளியாக வழிகிறதே தவிர ஓசை இல்லை. வாத்தியார் பாடுகிறார். தொண்டை நரம்பு புடைக்கிறது, கழுத்தில் வியர்வை இறங்குகிறது, தொடையில் விரல் தாளம் போடுகிறது. பாட்டு மட்டும் கேட்கவே இல்லை. நான் ஓரத்தில், 'சத்தம் எங்கே? சத்தம் எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதி எழுதி அனுப்பினேன். அதற்கும் 'சரி சரி' என்றே பதில் வந்தது.

பதிப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "என்னம்மா, நம்ம ஹீரோ இந்தத் தடவை ரொம்ப அமைதியா இருக்காரே? பாட்டு இல்லேன்னா நம்ம வாசகர்கள் சும்மா விடமாட்டாங்க."

"கடைசி அத்தியாயத்துல வெடிக்கும் சார், பொறுங்க" என்று சமாளித்தேன்.

கடைசி அத்தியாயம் வந்தது. அதில் வெடிக்கத்தான் செய்தது. நம்ம ஆளு வாத்தியாரின் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஆள் வருவது அவருக்குத் தெரியவில்லை. துப்பாக்கி வெடிக்கிறது. நம்ம ஆளு நாற்காலியிலேயே சாய்ந்து உயிரை விடுகிறார். கீழே அக்கா 'முற்றும்' என்று போட்டிருந்தாள். கூடவே ஒரு வரி: 'இதோடு போதும்டி. நம்ம ஆளும் ஓய்வெடுக்கட்டும், நாமும் ஓய்வெடுப்போம்.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாம்புச் செவிக்காரர், மாடியில் செருப்பு மாற்றினால் தெரிந்துகொள்கிறவர், பின்னால் வந்த காலடி கேட்காமல் சாவதா? கொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? அவர் அவளுக்கு மட்டுமா சொந்தம்? அந்த மனுஷனுக்குச் சட்டை தைத்துப் போட்டவள் நான். அவர் குடிக்கும் சிகரெட் பெட்டிக்கு நிறம் தேடி ஒரு மாதம் அலைந்தவள் நான். அவர் முணுமுணுக்கும் பாட்டெல்லாம் என் பாட்டு. போட்டது போட்டபடி கிளம்பினேன். வீட்டுக்காரர், "சண்டை போடறதுன்னா சாப்பிட்டுட்டுப் போ" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

"கொலைகாரி!" என்று வாசலிலேயே ஆரம்பித்தேன். "எங்கே இருக்கே? வெளியே வா!"

பதில் இல்லை. வெளிக்கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. எழுதும் அறையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மேஜையில் காகிதங்கள். பக்கத்தில் டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடிக்குள் இரண்டு சக்கரமும் சுற்றுவது தெரிந்தது. அக்காவின் இடது கை மேஜை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என் பாட்டின் தாளம்தான். பல்லவியின் முடிவில் நான் ஒரு மூச்சு கூடுதலாக எடுப்பேன். அந்த இடத்தில் அவள் விரலும் நின்று, பிறகு விழுந்தது.

அறையில் பாட்டு இல்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது, அதற்கு அடியில் ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறாள்போல என்று கிட்டே போய்ப் பார்த்தேன். குமிழ் கடைசிவரை திருப்பியிருந்தது.

"அக்கா" என்றேன்.

விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா, உன் முதுகுல பல்லி."

பல்லி என்றால் அக்கா நாற்காலிமேல் ஏறி நிற்பாள். இப்போது அசையவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அக்கா, நம்ம புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுட்டேன்" என்றேன். அவள் பேனாவை எடுத்து ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மறுபடி தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழுத்து வலி, எதிரே உட்கார், சரி சரி, சத்தமில்லாத மழை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அழுகை வந்தது. இதைக்கூடக் கண்டுபிடிக்காத நான் ஒரு துப்பறியும் எழுத்தாளர் என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது.

தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். உடனே சிரித்துவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

"எப்ப வந்தே? பாட்டுல மூழ்கிட்டேன்டி. இந்த ரெண்டாவது சரணம் இருக்கு பாரு..."

நான் ரிக்கார்டரை நிறுத்திக் கேசட்டை வெளியே எடுத்தேன். பதிவாகாமல் போனதற்குக் கேசட்தான் காரணமோ என்று அதன் மேல்விளிம்பைப் பார்த்தேன். கேசட்டின் முதுகுப் பக்கம் ஓரத்தில் சின்னதாக ஒரு தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிவு செய்ய முடியாது. தகடு உடையாமல் இருந்தது. அப்படியானால் தப்பு என்னுடையது. சிவப்புப் பொத்தானையும் ஓட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் இந்த இயந்திரத்தில் பதிவாகும். மூன்றாவது புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பாராவே எழுதியவள் நான். கண்ணை மூடிக்கொண்டு பாடும் அவசரத்தில் ஒன்றை மட்டும் அழுத்தியிருக்கிறேன். இத்தனை வாரமாக அக்கா வெறும் கேசட்டைக் கேட்டு உருகிக்கொண்டிருந்தாள்.

அவள் எதிரே உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, இதுல பாட்டே இல்ல. நான் பதிவே பண்ணல."

அவள் என் உதட்டையே பார்த்தாள். பிறகு கேசட்டைப் பார்த்தாள். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"அடிப் பாவி" என்றாள். "பதினோரு புத்தகமா சரியா அழுத்தினவ, இப்பத்தானா தப்பா அழுத்தணும்?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அதற்கு முன்பே வந்திருந்தது.

"எப்பலேருந்துக்கா?"

"போன புத்தகம் முடியறப்பவே ஆரம்பிச்சிருச்சு. டாக்டர்கிட்ட போனேன். மெஷின் குடுத்தாரு. டிராயர்ல கிடக்கு. அதைப் போட்டா பேச்சு ஏதோ கேக்குது. பாட்டுதான் தகர டப்பாவை உருட்டுற மாதிரி இருக்கு. உன் குரலைப் போய் அப்படிக் கேக்கணுமான்னு கழட்டி வெச்சிட்டேன்."

"என் குரல் எப்பவுமே அப்படித்தான்னு எங்க வீட்ல சொல்றாங்க."

"அந்த மனுஷனுக்கு ரசனை கிடையாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

"சொன்னா நீ பாடறதை நிறுத்திடுவே" என்றாள். "கேக்கறதுக்கு ஆள் இல்லாம நீ பாடமாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை? அதான் கேக்கற மாதிரியே இருந்தேன். உன் பாட்டு எப்படிப் போகும்னு எனக்கு மனப்பாடம். பல்லவியில கத்துவே, முதல் சரணத்துல அடங்குவே, ரெண்டாவதுல அழுவே. எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தானே பாடினே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, உடனே போய்விட்டது. "அப்புறம் எதுக்கு நம்ம ஆளைச் சுட்டே?" என்றேன்.

"வேற என்ன பண்றது? அவருக்குப் பாம்புச் செவி. எனக்குச் செவியே போயிருச்சு. அவரு என்ன கேக்கறாருன்னு நான் எங்கே போய் எழுதுவேன்? நீ ஓரத்துல சத்தம் எங்கே சத்தம் எங்கேன்னு சிவப்பு மையில கேட்டுக்கிட்டே இருந்தே. ஒவ்வொண்ணும் ஊசி குத்தற மாதிரி இருந்துச்சுடி. மானத்தோட முடிச்சுக்கலாம்னு பார்த்தேன்."

"காது கேக்கலேன்னா சாகணுமா? அப்ப உன்னை என்ன பண்றதாம்?" நான் கத்திவிட்டேன். கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் என் முகத்திலிருந்து முழுதாகப் புரிந்துகொண்டாள்.

அக்கா கேசட்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எடுத்த உடனே இங்கே என்னத்தைப் பார்த்தே?"

"தகடு இருக்கான்னு பார்த்தேன். கடையில விக்கிற பாட்டுக் கேசட்டுல அந்த இடத்துல ஓட்டைதான் இருக்கும். மேலே யாரும் பதிவு பண்ணிடக் கூடாதுன்னு."

"பண்ணியே ஆகணும்னா?"

"ஓட்டையில காகிதத்தை மடிச்சு வெச்சு ஒட்டிட்டா பண்ணலாம். அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்ச திருட்டுத்தனம்தானே."

அக்கா நிமிர்ந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒருத்தனைத் தூக்குமேடைக்கு அனுப்பப்போகிறாள் என்று அர்த்தம்.

"வாத்தியார் ரூம்ல போலீஸ் என்ன எடுத்தாங்க?"

"சினிமாப் பாட்டுக் கேசட். அலமாரி நிறைய. எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாங்க. எல்லாம் சினிமாப் பாட்டு."

"ஆரம்பத்தை மட்டும் கேட்டாங்க. நடுவுல அவன் தன்னோட சாதகத்தைப் பதிவு பண்ணி வெச்சிருக்கான். அதை ஓடவிட்டுட்டுக் கொலை பண்ணப் போயிருக்கான். எல்லாரும் காதை வெச்சுத் தேடினாங்க, கிடைக்கல. நம்ம ஆளு..." அக்கா நிறுத்தினாள்.

"நம்ம ஆளுக்குக் காது கேக்கல" என்றேன் நான். "கொஞ்ச நாளாவே. யார்கிட்டயும் சொல்லாம மறைச்சு வெச்சிருக்காரு. அதனால அவரு கேசட்டைப் போடாம, கையில எடுத்துப் பார்க்கறாரு. எல்லாத்துலயும் ஓட்டை. ஒண்ணுல மட்டும் காகிதம்."

"சாகமாட்டாரு" என்றாள் அக்கா.

"சாகவே கூடாது. இன்னும் பத்துக் கொலை பாக்கி இருக்கு."

"சத்தமில்லாத மழையெல்லாம்?"

"அப்படியே இருக்கட்டும். என் சிவப்பு மையைத்தான் அழிக்கணும். படிக்கிறவங்க கடைசியிலதான் ஏன்னு புரிஞ்சுக்குவாங்க. பதிப்பாளர் அசந்துபோவாரு."

அக்கா பேனாவைத் திறந்தாள். கடைசி அத்தியாயத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நம்ம ஆளு பிழைத்தார். நான் டீ போடப் போனேன். அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன். பின்னால் யாரும் வரவில்லை, அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது ரிக்கார்டர் என் நாற்காலிக்கு எதிரே தயாராக இருந்தது. உள்ளே அதே கேசட்.

"பாடு" என்றாள்.

"எதுக்குக்கா? உனக்குத்தான்..."

"பாரு, இதைத்தான் சொன்னேன். நிறுத்திட்டே பார்த்தியா? இங்கே வந்து உட்காரு. கண்ணை மூடாதே."

இரண்டு பொத்தானையும் அவளே சேர்த்து அழுத்தினாள். சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தாள். அந்த ரிக்கார்டரின் முகத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் முள் ஒன்று உண்டு. பதிவு செய்யும்போது மட்டும், குரல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். கண்ணை மூடிப் பாடியே பழகிய நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. அக்கா அந்த முள்ளுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள்.

பாடினேன். பூட்டை எடுத்துப் போனவளே. முள் துள்ளியது. அக்காவின் விரல் மேஜையில் விழுந்தது. கூடுதல் மூச்சு எடுத்த இடத்தில் முள் படுத்தது, விரலும் காத்திருந்தது. முதல் சரணத்தில், "இறங்கறே, இறங்கறே, சத்தமாப் பாடு" என்று கையை மேலே தூக்கிக் காட்டினாள். நானும் வீறிட்டேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டி நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னலை யாரோ சாத்தினார்கள். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு என் பாட்டில் இத்தனை சந்தோஷம் நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது சரணம் முடிந்து நிறுத்தினேன். முள் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"ஏன் நிறுத்திட்டே? இன்னொரு சரணம் இருக்கு" என்றாள்.

"இல்லையே. ரெண்டுதான் கட்டினேன்."

"நீ ரெண்டுதான் கட்டினே." பேனா மூடியால் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். நான் டீ போடப் போனபோது எழுதியிருக்கிறாள். பதினோரு புத்தகத்தில் ஒரு வரிப் பாட்டுகூட எழுதாதவள். கோர்ட்டுக் கையெழுத்தில் இரண்டே வரி இருந்தது.

திறந்தே கிடக்கும் வீட்டுக்கு
தட்டும் ஓசை எதற்கு?

குரல் வராது என்று கையைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தன.

பாடினேன்.